திமிங்கலத்துக்குப் போகும் பாதி ரயில்

ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி கடலுக்கும் பின்பாதி மலைக்கும் போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது, சொன்னார்கள். நாங்கள் ஏறியதிலிருந்து ஒலிபெருக்கியில் ஒரு பெண் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் பாஷை எங்களுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் காதில் விழுந்திருக்காது, நாங்கள் சண்டையில் இருந்தோம்.

நானும் என் வீட்டுக்காரரும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். ஆண்களுக்கு அவர், பெண்களுக்கு நான். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். எங்கள் கார் தீப்பெட்டி அளவு. அதில் சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் இடது சீட்டுக்கு முன்னாலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் சுவரைப் பார்த்து வண்டியை விட்டால் நாம் மிதித்து நிறுத்த வேண்டும். முப்பது வருஷம் அப்படி மிதித்து மிதித்து, எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் அவர் கால் தானாகத் தரையை அழுத்தும். இங்கே வந்த விமானம் இறங்கும்போதுகூட அழுத்தினார். அது நின்றதும், தான் நிறுத்தியது போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். திமிங்கலத்தை நேரில் பார்க்க வேண்டும். நகை வேண்டும், புடவை வேண்டும் என்று நான் யாரையும் நச்சரித்ததில்லை, என் நாத்தனாரைக் கேட்டால்கூட இதை மறுக்க மாட்டாள். நாள் முழுக்கத் தீப்பெட்டிக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு, "கிளட்சை மெதுவா விடும்மா" என்று கத்திக்கொண்டிருப்பவளுக்கு, உலகத்திலேயே பெரிய பிராணி ஒன்று இருக்கிறது, அதற்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்பதே பெரிய ஆறுதல். கல்யாணமான புதிதில் அவரிடம் சொன்னேன். "அடுத்த வருஷம்" என்றார். வருஷா வருஷம் அதையே சொன்னார். கடைசியில் எங்கள் பையன்தான் தலையிட்டு, இந்த நாட்டுக்கு ஒரு வாரத்துக்கு டிக்கெட் போட்டு, திமிங்கலம் காட்டும் படகிலும் இரண்டு இடம் பிடித்துக் கொடுத்தான். படகுச் சீசன் முடிகிற நேரம். நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மத்தியானம்தான் இடம் கிடைத்தது. அதை விட்டால் வேறு படகு கிடையாது.

பையன் கார் ஏற்பாடு செய்யவில்லை. அவர்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"டிரைவர் எல்லாம் எதுக்குடா? ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுத்தவன் நான். அங்க போய் வாடகைக்கு ஒண்ணு எடுத்து நானே ஓட்டிக்கறேன்."

வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டை எடுத்துக்கொண்டு வந்து வகுப்பில் எல்லாருக்கும் காட்டினார். நாத்தனாருக்கும் காட்டினார். "அண்ணன் ஓட்டறதை வீடியோ எடுத்து அனுப்புங்க அண்ணி" என்று அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். எனக்கும் ஒரு பர்மிட் எடுக்கலாமே என்றேன். "ஒரு காருக்கு எத்தனை டிரைவர்?" என்று கேட்டுவிட்டார். இதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு எடுத்துக்கொண்டேன்.

வந்த மறுநாள் காலை, வாடகைக் கார் நிற்கும் மைதானத்துக்குப் போனோம். சாவி கொடுக்கிற பெண் ஒரு வெள்ளைக் காரைக் காட்டினாள். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார், டயரை உதைத்துப் பார்த்தார், சுற்றி வந்து ஜம்மென்று வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். எதிரே ஸ்டியரிங் இல்லை. இந்த நாட்டில் வண்டிகள் சாலைக்கு வலது பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். அது அவருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அவர் உடம்புக்குத் தெரியவில்லை. இறங்கி, எதையோ சோதித்துப் பார்த்தவர் போல மறுபக்கம் போய் ஏறினார். நான் வீடியோவைப் போட்டேன்.

வண்டியைக் கிளப்பினார். கியர் போட இடது கையை நீட்டினார், கதவு திறந்துகொண்டது. மூடினார். இண்டிகேட்டர் போட்டார், வைப்பர் ஓடியது. பட்டப்பகல், சொட்டு மழை இல்லை, வைப்பர் கர்க் கர்க் என்று கண்ணாடியைத் தேய்க்கிறது. அதை நிறுத்தப் போனார், பின்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மறுபடி கியர் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்ததோ, நடு மைதானத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாஸ்டர் இறங்கி வந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. சாவியை அந்தப் பெண் கையில் வைத்து, "கியர் பாக்ஸ் சரியில்ல" என்று நம் பாஷையிலேயே சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். எங்கள் ஸ்கூலில் ஒரு விதி உண்டு, கற்றுக்கொள்கிறவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அந்த விதியைச் சுவரில் எழுதி மாட்டியவளே நான்தான். ஆனால் அவர் கற்றுக்கொள்கிறவர் இல்லையே, மாஸ்டர் ஆயிற்றே என்று அன்று ராத்திரி சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அதற்கப்புறம் ஐந்து நாளும் பஸ், டிராம், நடை. முதல் நாள் அருங்காட்சியகத்துக்குப் போக பஸ் ஏறினோம். பஸ் போகிறது, போகிறது, வீடுகள் குறைந்து தோட்டமாகி, தோட்டம் காடாகி, கடைசியில் பஸ்களைக் கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் சாலைக்கு இடது பக்கம் நின்று ஏறியிருக்கிறோம். அருங்காட்சியகம் எதிர்ப்பக்கம். இரண்டாம் நாள் சரியான பஸ்ஸில் ஏறினோம், ஆனால் இறங்க வேண்டும் என்றால் கம்பியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரியாது. நாங்கள் இறங்கும் இடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே தாண்டிப் போனோம். அதற்கப்புறம் மாஸ்டர் அந்தப் பொத்தானை விடவே இல்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அழுத்திவிட்டு, பஸ் நின்றதும் "இது இல்ல, அடுத்தது" என்று டிரைவருக்குக் கை காட்டுவார்.

சொல்லப்போனால் எனக்கு அந்த நடையும் பஸ்ஸும் பிடித்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுப் பால்கனியில் என்ன காய்கிறது என்று பார்க்கலாம். முப்பது வருஷத்தில் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வண்டியில் போனதே இல்லை, எப்போதும் கண் சாலையில்தான். அவருக்கு மட்டும் வழி கேட்பது வேப்பங்காயாக இருந்தது. மேப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரே மாதா கோயிலை மூன்று தடவை சுற்றுவாரே தவிர, யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

"கேட்டா என்னங்க?"

"நாலு பேருக்கு வழி காட்டினவன்டி நான். நான் போய்க் கேக்கணுமா?"

இப்படியே திமிங்கல நாள் வந்தது. துறைமுக ஊருக்குப் போகும் ரயிலைத் தங்கும் விடுதிக்காரரே எழுதிக் கொடுத்திருந்தார். நேரத்துக்கு ஏறி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். படகு டிக்கெட் இரண்டும் என் கைப்பையில். வெயில் அடித்தது. ரொட்டியும் வாழைப்பழமும் கட்டி எடுத்து வந்திருந்தேன். எல்லாம் அமோகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வளைவில் ரயில் லேசாக உலுக்கியது. மாஸ்டர் காலை அழுத்திக்கொண்டே சொன்னார்:

"என்ன டிரைவர் இவன்? பிரேக் போடற லட்சணமா இது?"

"வைப்பர் போடாம விட்டாரே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு விழுங்கவா முடியும்?

"நீ சிரிக்காம இருந்திருந்தா நான் ஓட்டியிருப்பேன்" என்றார் அவர். "ரெண்டே ரவுண்டு போதும், கை பழகியிருக்கும். பொண்டாட்டியே நடுத்தெருவுல உக்காந்து சிரிச்சா எவனுக்குக் கை வரும்?"

"எனக்கும் ஒரு பர்மிட் எடுத்திருந்தா நான் ஓட்டியிருப்பேன். ஒரு காருக்கு எத்தனை டிரைவர்னு கேட்டது யாரு?"

"ஓ, அதை இன்னும் மனசுல வச்சிருக்கியா?"

"வேற எங்க வைக்கறது மாஸ்டர்?"

மாஸ்டர் என்றதும் எழுந்துவிட்டார். எங்கள் சண்டை எல்லாம் காருக்குள்தான் நடக்கும். கோபித்துக்கொண்டு போக அங்கே இடமேது? ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருக்கு எழுந்து போகிற வசதி கிடைத்தது. எட்டுப் பெட்டி ரயில். விட்டுவிடுவாரா?

"இங்க உக்காந்தாதானே பேசுவ? நான் கடைசிப் பெட்டிக்குப் போறேன். இறங்கற இடத்துல பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, ராஜா மாதிரி நடந்து போனார். இரண்டு வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

போகட்டும் என்று நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் ஒரு நாய்க்காரம்மா, தோள்பையில் நாயை வைத்துக்கொண்டு, எங்கள் சண்டையை ஒரு வார்த்தை புரியாமலே முழுதாக ரசித்து முடித்திருந்தாள். என்னைப் பார்த்து, "புருஷனா?" என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் சிரித்து, நாய்க்கு வைத்திருந்த பிஸ்கட்டில் ஒன்றை எனக்கும் நீட்டினாள். மனிதர் தின்னும் பிஸ்கட்தான், பார்த்துவிட்டுத்தான் தின்றேன்.

பெரிய ஜங்ஷன் ஒன்றில் ரயில் கொஞ்ச நேரம் நின்றது. எங்கேயோ டங் என்று ஒரு சத்தம். பிறகு கிளம்பியது. பத்து நிமிஷம் பொறுத்து எனக்கு மனசு கேட்கவில்லை. வெறும் வாழைப்பழத்தோடு அந்த மனுஷன் எத்தனை நேரம் இருப்பார்? ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தேன். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, மூன்றாவது பெட்டி. அதற்கு அந்தப் பக்கம் கதவு பூட்டியிருந்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்டவாளம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, ரயில் எங்கே?" என்று கத்திவிட்டேன். டிக்கெட் பரிசோதகர் ஓடி வந்தார். அவர் இரண்டு கையையும் ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டினார். பிறகு டங் என்று வாயால் சத்தம் கொடுத்து, ஒரு கையைக் கடல் பக்கமும் இன்னொரு கையை மலைப் பக்கமும் கொண்டுபோனார். எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷத்தில் முதல்முறையாக எழுந்து போன மனுஷனை அந்த ரயில் மலைக்கே கொண்டுபோய்விட்டது.

ரயிலில் இலவச வைஃபை இருந்தது. போன் போட்டேன். கட் பண்ணினார். மறுபடி போட்டேன், மறுபடி கட். சண்டையைத் தொடரத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். கடைசியில் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன்: "ஏங்க, ரயில் ரெண்டா பிஞ்சு போச்சுங்க. ஜன்னல் வழியா கடல் தெரியுதான்னு பாருங்க."

அடுத்த நிமிஷம் அவரே கூப்பிட்டார்.

"கடலா? இங்க ஆடு மேயுதுடி!"

"அதான் சொல்றேன்ல? நீங்க வேற ரயில்ல போறீங்க."

"நான் எங்கயும் போகல, உக்காந்த இடத்துலயேதான் உக்காந்திருக்கேன். நீதான் போயிட்ட."

"எழுந்து போனது யாரு? நானா?"

அவர் குரல் இறங்கி வந்தது.

"இந்தா பாரு, டிக்கெட் உன் கையிலதானே இருக்கு?"

"இருக்கு. நான் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நிக்கறேன், நீங்க திரும்பி வந்து சேருங்க."

"கிறுக்கா உனக்கு? எனக்காக நின்னா படகு போயிடும். நாளைக்கு இந்நேரம் நாம ஊருக்குப் போற விமானத்துல இருப்போம். நீ போ. போய் ஏறு."

"தனியாவா?"

"பாக்கறதுக்குத் துணை எதுக்கு? ரெண்டு கண்ணு போதாதா? நான் எப்படியாவது வந்து சேர்றேன்."

"எப்படி வருவீங்க? வழி கேக்க மாட்டீங்களே!"

"அதை நான் பார்த்துக்கறேன். நீ படகை விட்டுட்டு வந்து என் முன்னால நின்ன, அப்புறம் இருக்கு உனக்கு" என்றார். வாழைப்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு திட்டியது எனக்கு நன்றாகக் கேட்டது. அதற்குள் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து பேச்சு அறுந்துவிட்டது.

துறைமுக ஊர் சின்னது. ஸ்டேஷனிலிருந்து இறங்குகிற ஒரே தெரு நேராகக் கடலுக்குப் போனது. நாய்க்காரம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் படகுத் துறையில் விட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். படகுக்காரர் இரண்டு டிக்கெட்டைப் பார்த்தார், ஒரே ஆளாக நின்ற என்னைப் பார்த்தார். நான் மலைப் பக்கம் கை காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றிக் கும்பிடு மாதிரி ஒன்று போட்டார். என் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார் என்று நினைத்துவிட்டாரோ என்று பிறகுதான் தோன்றியது.

சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கடைசிச் சங்கு ஊதும்வரைக்கும் பார்த்தேன். பிறகு ஏறினேன்.

படகில் ஆளுக்கொரு ஆரஞ்சுச் சட்டை மாட்டிவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்த அவர் இடத்தில் கைப்பையை வைத்தேன். கடல் முதலில் தொட்டில் மாதிரி ஆட்டியது, பிறகு சலவைக்காரர் துணியை உதறுவது மாதிரி உதறியது. முன் வரிசையில் ஒரு குடும்பமே பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கற்றுக்குட்டிகள் ஓட்டுகிற வண்டியில் முப்பது வருஷம் உட்கார்ந்த வயிறு இது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் தண்ணீரையே பார்த்தேன்.

தண்ணீர்தான் இருந்தது. வழிகாட்டிப் பெண் ஒரு பக்கம் கை காட்டுவாள், எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுவோம், அலை. மறு பக்கம் காட்டுவாள், ஓடுவோம், பறவை. ஒருமுறை கறுப்பாக ஏதோ மிதந்தது. பலகை. இப்படியே போய், படகு ஒரு பெரிய வட்டம் அடித்துக் கரைப் பக்கம் திரும்பியது. வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னாள். பாஷை தெரியாவிட்டாலும் மன்னிப்புக் கேட்கிற குரல் எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. உப்புக் கூடிப்போனதிலிருந்து ஊர் உலகத்து அநியாயம் வரைக்கும் நான் புலம்புவது அந்த மனுஷனிடம்தான். காது கொடுத்துக் கேட்க மாட்டார், ஆனால் பக்கத்தில் இருப்பார். இப்போது என் வாழ்க்கையிலேயே பெரிய புலம்பல் வந்திருக்கிறது, பக்கத்தில் கைப்பை உட்கார்ந்திருக்கிறது. அவர் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று நடுக்கடலில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது.

படகு துறையை நெருங்கியபோது, கம்பத்தடியில் ஒரு உருவம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. நம் மாஸ்டர். சட்டையெல்லாம் கசங்கி, தலைமுடி காற்றில் பறந்து, ஆனால் முழுசாக நின்றார். பக்கத்தில் ஒரு பஸ் நின்றது, அதன் டிரைவரம்மா படிக்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கினதும் அவர் ஓடி வந்து முதல் கேள்வியாகக் கேட்டார்:

"பாத்தியா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி இல்லை என்பது? தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று ஏற்கெனவே பாதி உயிராக நிற்கிறார். நான் அழுத கண்ணைக் கடல்காற்றின் மேல் போட்டுவிட்டு, "பாத்தேனே!" என்றேன். "எம்மாடி, எவ்வளவு பெரிசு! நீங்க எப்படி வந்தீங்க?"

"பஸ்லதான். ஏழு பேரைக் கேட்டேன். இந்தம்மாதான் ஏத்திக்கிட்டு வந்தாங்க, கடலோரமா மலையைச் சுத்தி வந்தோம்."

"நீங்களா கேட்டீங்க? வாயைத் திறந்து?"

"வாயை எங்க திறந்தேன்? படகு மாதிரி ஆடிக் காட்டினேன், மீன் மாதிரி நீந்திக் காட்டினேன். நடு பஜார்ல. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும், நேரமாகுதேன்னு விட்டுட்டேன்."

எனக்கு என்னவோ செய்தது. நான் பேச்சை மாற்றி, "வழியில எதாவது பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தைப் பாத்தேன்? பாறை, ஆடு. அதை விடு. திமிங்கலம் எப்படி இருந்துச்சு, சொல்லு" என்றார். கண் என்னைப் பார்க்காமல் எங்கேயோ அலைந்தது.

"எப்படின்னா... இப்படித் தலையைத் தூக்குச்சு. தண்ணியைப் பீச்சி அடிச்சுச்சு. அப்புறம் வாலை இப்படி இப்படின்னு ஆட்டிக்கிட்டே போச்சு" என்று சொல்லி, மீன் போகிற மாதிரி கையை இடமும் வலமுமாக வளைத்துக் காட்டினேன்.

"சே, அப்படி இல்ல" என்றார் மாஸ்டர். "வால் படுக்கையால்ல இருக்கு? மேலயும் கீழயும்தான் போகும், இந்தா, இப்படி..." என்று உள்ளங்கையைக் கவிழ்த்துத் தூக்கி, அழகாகத் தண்ணீருக்குள் இறக்கிக் காட்டினார். பாதியில் கை அப்படியே நின்றுவிட்டது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு எப்படித் தெரியல?"

அந்த நேரம் பார்த்து டிரைவரம்மா தேநீர்க் கோப்பையோடு வந்து, அவர் முதுகில் ஒன்று வைத்து, தன் போனை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். பாறை விளிம்பு. வாயைப் பிளந்துகொண்டு மாஸ்டர். அவருக்குப் பின்னால் கடலில், பஸ் நீளத்துக்கு, கறுப்பாக, பளபளவென்று அது. மலை வளைவில் அது தெரிந்ததும் அவள் பஸ்ஸையே நிறுத்தி எல்லாரையும் இறக்கிக் காட்டியிருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து அங்கே நின்ற கடல் பறவைகள் எல்லாம் பறந்துவிட்டன.

"முப்பது வருஷமா ஏங்கினவ நான்! டிக்கெட்டைப் பத்திரமா வச்சிருந்தவ நான்! உப்புத் தண்ணியில நனைஞ்சு, பலகையைப் பாத்துட்டு வந்தவ நான்! ஓசியில பஸ்ல வந்து நீங்க பாப்பீங்களா? அதுவும் கோவிச்சுக்கிட்டுப் போயி!"

"நான் என்னடி பண்ணட்டும்? நான் ஒண்ணும் வரச்சொல்லலையே அதை!"

"கண்ணை மூடிக்கறது!"

"மூடினேன்டி" என்றார் அவர் பாவமாக. "சத்தியமா மூடினேன். நீ இல்லாம என்னத்தைப் பாக்கறதுன்னு. ஆனா ரொம்பப் பெரிசா இருந்துச்சா, திறந்துடுச்சு."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்போடு அழுகையும் வந்து, மூக்கு ஒழுகி, டிரைவரம்மா காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுக்கும்படி ஆகிவிட்டது. மாஸ்டர் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வா, பஸ்ல ஏறு. இதே வழியாத்தான் திரும்பிப் போகுது. நீ பாக்காம வந்தா என்ன பண்றதுன்னு இந்தம்மாகிட்ட முன்னாடியே ஆடிக் காட்டி வச்சிருக்கேன். அதே வளைவுல நிறுத்துவாங்க."

"பாக்கலன்னு நான் சொல்லவே இல்லையே. பாத்தேன்னுதானே சொன்னேன், அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்துட்டு வந்தவ கண்ணு இப்படியா வீங்கியிருக்கும்? நான் பாத்ததை எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சுக்கிட்டிருந்தேன்."

பஸ்ஸில் சந்தைப் பைகளோடு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டிரைவரம்மாவுக்கு அடுத்த முன் சீட்டை எனக்குக் கொடுத்தார்கள். விஷயம் என்னவென்று அவள் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், எல்லாரும் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பார்த்தார்கள். மலை மேல் சாலை குறுகலாக ஏறியது. கீழே கடல் சாய்ந்த வெயிலில் தகதகவென்று கிடந்தது. அந்த வளைவு வந்ததும் அவள் பஸ்ஸை ஓரம் கட்டி, கதவைத் திறந்துவிட்டாள். எல்லாரும் இறங்கினோம்.

ஒன்றும் இல்லை. வெறும் கடல். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் முணுமுணுக்கவில்லை. ஒரு கிழவர் சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. என் ஒருத்தி ஆசைக்காக ஒரு பஸ்ஸே நிற்கிறது.

"போதுங்க, கிளம்பலாம். அவங்கவங்க வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லத் திரும்பினேன். எல்லாரும் கடலைப் பார்த்து நிற்க, மாஸ்டர் ஒருவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் கைப்பையை மார்போடு கட்டிப் பிடித்தபடி, பஸ் டயரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க இது, கோலம்?"

"நீ முதல்ல பாரு. நீ பாத்தப்புறம்தான் நான். முன்னாடி பாத்ததைக் கணக்குல சேக்காத."

"பைத்தியமா உங்களுக்கு? திரும்புங்க!"

"மாட்டேன்."

பஸ் ஆட்களுக்கு அது புரிந்துவிட்டது. கிழவர் பையிலிருந்து எழுந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, இன்னும் உற்றுக் கடலைப் பார்க்க ஆரம்பித்தார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முதலில் மூச்சு கேட்டது. அத்தனை உயரத்துக்கும் கேட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்து வெயிலில் புகை மாதிரி நின்றது. பிறகு அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்திலிருந்து இன்னும் வந்தது. எனக்கு என் பெயர் மறந்துபோயிற்று. முப்பது வருஷம் பேசிப் பேசித் தேய்ந்த வாயில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"ஏங்க... ஏங்க... ஏங்க..."

"பாத்துட்டியா?" அவர் இன்னும் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டேன்."

"நல்லாப் பாத்தியா? அவசரமில்ல, நிதானமாப் பாரு."

"நல்லாப் பாத்துட்டேங்க."

"அப்ப நான் திரும்பட்டுமா?"

நான் அவர் தோளைப் பிடித்து நானே திருப்பினேன்.